பேசாத போனுக்கும் மாச வாடகையா?

வியாசர்பாடியில் என் அத்தை இருக்கிறார். வயது 71. தனிக்கட்டை. ஒண்டுக் குடித்தனம். கையில் ஒரு பட்டன் போன்.

அந்தப் போனில் அத்தை யாருக்கும் அதிகம் பேசுவது கிடையாது. மாதத்துக்கு நாலு கால், அஞ்சு கால். "கேஸ் இன்னும் வரலியே" என்று ஏஜென்சிக்கு ஒன்று. "ஒடம்பு அனலா கொதிக்குதுடா" என்று எனக்கு ஒன்று. அவ்வளவுதான். அத்தைக்குப் போன் என்பது பேசுவதற்கு அல்ல. யாராவது கூப்பிட்டால் எடுப்பதற்கு.

ரீசார்ஜ் போடுவது என் பொறுப்பு. போன மழைக்காலத்தில் அதை மறந்து தொலைத்தேன்.

மழை என்றால் எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். சுரங்கப்பாதையில் தண்ணீர், மரம் சாய்ந்தது, மின்சாரம் தாக்கியது என்று காலை 5 மணிக்கு ஓட ஆரம்பித்தால் பகலில் பேப்பர் அச்சுக்குப் போகும் வரை நிற்க நேரம் இருக்காது. நடுவில் இரண்டு தடவை அத்தைக்குப் போன் போட்டேன். "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்றது. சார்ஜ் போட்டிருக்க மாட்டார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் நேரில் போனேன். அத்தை காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போய் வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, மூணு வாரமா ஒரு போன்கூடப் பண்ணலியே. அத்தைய மறந்துட்டியா?"

போனை வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் முழுசாக இருந்தது. சிக்னல் இருந்தது. பேக் முடிந்துபோனதால் போகும் காலை நிறுத்தி, பிறகு வரும் காலையும் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி அனுப்பிய எஸ்.எம்.எஸ். வரிசையாகக் கிடந்தது, எல்லாம் இங்கிலீஷில். அத்தைக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

அன்று முதல் இந்த ரீசார்ஜ் விவகாரத்தைத் துருவ ஆரம்பித்தேன். கொலை, கொள்ளைக்கு அலைவது போலவே இதற்கும் கடை கடையாக அலைந்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டன் போன் இருக்கும்.

35 ரூபாய், 199 ஆன கதை

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வரும் காலை எடுத்தாலும் காசு! போன் வைத்திருந்தவர்கள் மணி அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் மஞ்சள் போர்டு மாட்டிய பூத்தில் இருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

2003-ல்தான் வரும் காலுக்குக் காசு இல்லை என்று ஆனது. அதன்பிறகுதான் கொத்தனார் கையிலும், பூக்காரம்மா இடுப்பிலும் போன் ஏறியது. 2005 கடைசியில் 'லைப் டைம்' கார்டு வந்தது. 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் போதும், ஆயுசுக்கும் போன் வரும் என்றார்கள். சனம் கடன் வாங்கிக் கட்டியது. பிறகு போட்டி அதிகமாகி, அந்த விலையும் கீழே விழுந்தது.

அப்போதெல்லாம் 10 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் ஒரு மாதம் ஓட்டலாம். பேசினால் காசு குறையும். பேசாவிட்டால் அப்படியே இருக்கும். 'மிஸ்டு கால்' கொடுத்தே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. ஒரு ரிங் என்றால் வீடு வந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கடைக்கு வா.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டாவுக்குத்தான் காசு என்றது. மற்ற கம்பெனிகள் ஆடிப்போயின. சில கம்பெனிகள் மூடின, சில ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் ஒரு புதுச் சட்டம் போட்டன. போன் உயிரோடு இருக்க வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும்.

லைப் டைம் கார்டு வாங்கியவர்கள், "எங்க ஆயுசு இன்னும் முடியலியே" என்று கேட்டார்கள். கேட்டது கேட்டதோடு சரி.

அந்த 35 அப்படியே நின்றதா? ஏர்டெல் கணக்கை மட்டும் பாருங்கள். 2021-ல் 79 ஆனது, அதே வருடக் கடைசியில் 99 ஆனது. 2023-ல் 155. பிறகு 179. 2024 ஜூலையில் 199. ஆறு வருடத்தில் 35 ரூபாய் 199 ஆகிவிட்டது. மற்ற கம்பெனிகளும் கூடவே ஏறின.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 35 ரூபாய் பேக்கில் கொஞ்சம் பேச்சுத்தான் கிடைத்தது. 199-ல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 2 ஜி.பி. டேட்டாவும் உண்டு. பட்டன் போனில் அந்த டேட்டாவை வைத்து அத்தை என்ன செய்வார்? ஊறுகாயா போடுவார்?

மாதம் அஞ்சு கால் பேசுகிறவருக்கு 199 ரூபாய் என்றால், ஒரு காலுக்கு 40 ரூபாய். ஜோதிபாசு பேசிய காலத்து ரேட்டைத் திரும்ப எட்டிப் பிடித்துவிட்டோம்!

வருடத்துக்கு 13 மாதம்

இன்னொரு கூத்து. போன் கம்பெனிக்கு மாதம் என்றால் 28 நாள். உங்கள் சம்பளம் 30 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது. கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு 12 சம்பளம், 13 ரீசார்ஜ். 199-ஐ 13-ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய்.

'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் இதைக் கவனித்தது. 30 நாள் பேக் ஒன்றாவது வைக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கம்பெனிகள் ஒன்று வைத்தன. கடையில் போய் "28 நாளா, 30 நாளா" என்று கேட்கிற ஆள் எத்தனை பேர்?

முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை வைத்துக் காலம் தள்ளுகிற ஒரு பாட்டி, 199 ரூபாய் ரீசார்ஜ் போட்டால் ஆறில் ஒரு பங்கு போனுக்கே போய்விடும். பேசாத போனுக்கு!

டேட்டா இல்லாத பேக்

2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் விற்க வேண்டும், அப்படிப்பட்ட பேக்குகளை 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்றது. அதற்கு முன்னால் 90 நாள்தான் உச்சம்.

உத்தரவு போட்டவர்கள் விலையைச் சொல்லவில்லை. கம்பெனிகள் விடுமா? அதுவரை 84 நாளுக்கு 6 ஜி.பி. டேட்டாவோடு ஏர்டெல் விற்ற பேக் 509 ரூபாய். டேட்டாவைப் பிடுங்கிவிட்டு 2025 ஜனவரியில் வைத்த விலை 499. ஆக, 6 ஜி.பி.க்கு மதிப்பு 10 ரூபாய்! கொத்தமல்லிக் கட்டுகூட அந்த விலைக்கு வராது. கூச்சல் கிளம்பியது. சில நாளிலேயே 469 ஆகக் குறைத்தார்கள். 365 நாள் பேக் 1,959-ல் இருந்து 1,849 ஆனது. ஜியோவும் 84 நாளுக்கு 458 என்று சொல்லி, பிறகு 448-க்கு இறங்கி வந்தது.

1,849 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 5 ரூபாய் 7 காசு. 28 நாள் 199 ரூபாய் பேக் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. வருடத்துக்கு 700 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரே மூச்சில் 1,849 ரூபாய் எடுத்து வைக்க முடிந்தவனுக்குத்தான் அந்த மிச்சம். அன்றாடம் காய்ச்சிக்கு 28 நாள்தான் கதி. ஏழைக்குத்தான் விலை அதிகம். மண்ணெண்ணெயில் இருந்து சோப்புத் தூள் பாக்கெட் வரை இந்தக் கதைதானே!

மலிவாக வேறு இல்லையா என்றால், இருக்கிறது. பி.எஸ்.என்.எல்.லில் 2025-ல் 1,198 ரூபாய்க்கு ஒரு வருட பேக் இருந்தது. மாதம் 300 நிமிடம் பேச்சு, 3 ஜி.பி. டேட்டா, 30 எஸ்.எம்.எஸ். நாளைக்கு 3 ரூபாய் 28 காசு. மாதம் 300 நிமிடம் என்றால் தினமும் 10 நிமிடம். அத்தைக்கு அதுவே ஏகப்பட்டது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலையை ஏற்றியபோது பி.எஸ்.என்.எல். மட்டும் ஏற்றவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பி.எஸ்.என்.எல். என்றதும் "சிக்னல் கெடைக்குமா சார்" என்பீர்கள். உண்மை. தெருவுக்குத் தெரு வித்தியாசம். அதனால் எடுத்த எடுப்பில் மாறாதீர்கள். அந்த சிம் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்குள் கூப்பிட்டு, சமையல்கட்டில் நின்று ஒருமுறை, படுக்கிற இடத்தில் ஒருமுறை பேசச் சொல்லிப் பாருங்கள். வாசலில் எடுத்து வீட்டுக்குள் எடுக்காத சிம், வயசானவர்களுக்கு உதவாது.

ஜியோவில் ஒரு வழி உண்டு, ஒரு வலையும் உண்டு. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலையே செய்யாது. அது 4ஜி போனுக்கு மட்டும். இது தெரியாமல் சிம்மை வாங்கிவிட்டு விழிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஜியோபாரத் என்ற பட்டன் போனை 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு விட்டார்கள். அதற்கு மட்டும் தனி ரேட். 28 நாளுக்கு 123 ரூபாய், 336 நாளுக்கு 1,234 ரூபாய். பழைய போன் ரிப்பேராகி, புதுசு வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதைப் பார்க்கலாம். வேறு கம்பெனி சிம் அதில் ஓடாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நான் சொன்ன விலை எல்லாம் அந்தந்த வருடத்து விலை. போன் பேக் விலை தக்காளி மாதிரி. கடைக்குப் போகிற அன்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

"கொறஞ்ச ரீசார்ஜ் எவ்ளோண்ணே?" என்று கேட்காதீர்கள். "பேச்சு மட்டும் இருக்கிற பேக், டேட்டா வேணாம், 84 நாள் எவ்ளோ, ஒரு வருஷம் எவ்ளோ?" என்று கேளுங்கள். போன் ஆப்பில் பார்ப்பவர்களுக்கும் இதேதான். முதலில் கண்ணில் படுவது எல்லாம் தினம் 1.5 ஜி.பி., 2 ஜி.பி. சமாசாரம். சினிமா, கிரிக்கெட் என்று வாலாட்டும். பேச்சு மட்டும் உள்ள பேக் எங்கோ கடைசியில் கிடக்கும். விடாமல் தள்ளிக்கொண்டே போங்கள். ஆப் சில சமயம் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்றிரண்டு ரூபாய் பிடிக்கும், அதையும் பாருங்கள்.

எங்கள் ஆபீஸ் பக்கத்து ரீசார்ஜ் கடை அண்ணனிடம், "ஏன்ணே நீங்களே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "தம்பி, எனக்கு அதுல கெடைக்கிறது சில ரூபாதான். ஒரு வருஷத்துக்கு ஒரேயடியா போட்டுட்டா அப்புறம் அந்தப் பாட்டி என் கடைக்கு வருமா? ஒரு பிஸ்கோத்து பாக்கெட் விக்குமா?" என்றார். பொய் சொல்லவில்லை மனுஷன்.

20 ரூபாய் விவகாரம்

"20 ரூபா இருந்தா போதும், சிம் சாகாது" என்று 2025 ஜனவரியில் ஒரு சேதி பரவியது. நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. அது புதுச் சட்டம் இல்லை. 2013-ல் இருந்தே இருக்கிறது.

சட்டம் இதுதான். 90 நாள் போனைப் பயன்படுத்தாமல் இருந்தாலும், மெயின் பேலன்சில் 20 ரூபாய் இருந்தால் நம்பரைப் பிடுங்கக் கூடாது. 20 ரூபாயை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேலன்ஸ் தீர்ந்து நம்பர் போய்விட்டாலும், 15 நாளுக்குள் 20 ரூபாய் கட்டி மீட்கலாம்.

கவனியுங்கள். நம்பர் உங்கள் பெயரில் இருக்கும், அவ்வளவுதான். பேக் இல்லாவிட்டால் போன் பேசவும் முடியாது, வருவதும் நின்றுவிடும். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது என்கிற மாதிரி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், இரண்டாவது சிம் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். அத்தைக்கு உதவாது.

20 ரூபாய் பேலன்ஸ் வைக்க 20 ரூபாய் போட்டாலும் பத்தாது. 10 ரூபாய் டாப்-அப் போட்டால் வரியெல்லாம் போக 7 ரூபாய் 47 காசுதான் ஏறும்.

நம்பரைச் சும்மா விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பாங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகிறது. ரத்தான நம்பரை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை இந்த விவகாரம் போனது. உங்களுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருவன் சட்டைப் பையில் ஒலிக்கும்.

மிரட்டல் போன்

இது என் துறை, அதனால் சொல்லிவிடுகிறேன். "டிராயில் இருந்து பேசுறோம். இன்னும் 2 மணி நேரத்துல உங்க நம்பர் கட் ஆயிடும். 9-ஐ அமுக்குங்க" என்று ஒரு போன் வரும். அமுக்கினால் போலீஸ் அதிகாரி மாதிரி ஒருவன் பேசுவான், கேஸ் இருக்கிறது என்பான், பணத்தில் வந்து நிற்பான்.

டிராய் யாருக்கும் போன் செய்வதில்லை, நம்பரை வெட்டுவது அதன் வேலையும் இல்லை. இதை அவர்களே பலமுறை சொல்லிவிட்டார்கள். ஆனால் நிஜமாகவே அடிக்கடி போன் கட் ஆகிற வயசானவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? நேற்று கம்பெனி வெட்டியது, இன்று திருடன் வெட்டுகிறேன் என்கிறான். அத்தைக்கு இரண்டும் ஒரே குரல்தான். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

என்ன செய்யலாம்?

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. டவர் நிற்கிறது, கரண்டு ஓடுகிறது, காசே தராதவருக்கும் அதே சிக்னல்தான் போகிறது என்கிறார்கள். சரி, சும்மா தர வேண்டாம். ஆனால் எதுவுமே கேட்காதவர் தலையில் 2 ஜி.பி.யைக் கட்டி 199 வாங்குவது என்ன வியாபாரம்? ஓட்டலில் காபி கேட்டால் சாப்பாட்டுக்கும் சேர்த்து பில் போடுவார்களா?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுக்கு காசு இல்லை. ஏசி போட்டவன் கட்டட்டும், ஒரு பல்பு எரிப்பவன் பிழைக்கட்டும் என்ற கணக்கு. போனுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். வரும் கால் முழுசாக, போகும் கால் 30 நிமிடம், 30 நாளுக்கு 50 ரூபாய். இப்படி ஒரு பேக்கை எல்லாக் கம்பெனியும் வைத்தே தீர வேண்டும் என்று டிராய் உத்தரவு போடட்டும். டேட்டா இல்லாத பேக் வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதற்கு ஒரு உச்சவரம்பு வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பேக் முடிகிற எஸ்.எம்.எஸ்.சைத் தமிழில் அனுப்பட்டும். அதற்கு டவர் செலவு ஒன்றும் கூடிவிடாது.

அத்தை போனை நான் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்றிவிட்டேன். பெரிய வேலை இல்லை. முதலில் பழைய கம்பெனியில் ஒரு பேக் போட்டு உயிர் கொடுத்தேன். PORT என்பதற்கு அடுத்து நம்பரை அடித்து 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். ஒரு கோடு வந்தது, நாலு நாள்தான் அதற்கு ஆயுசு. ஆதாரோடு அத்தையைக் கடைக்குக் கூட்டிப் போனேன். மூன்று வேலை நாளில் மாறிவிட்டது. நம்பர் அதே நம்பர். சிம்மை அத்தை பெயரிலேயே வாங்கினேன். அவசரத்துக்குக் கடைப் பையன் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு போலீஸ் ஸ்டேஷனில் முழிப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

பேக் முடிகிற தேதியை அலமாரிக் கதவில் சாக்பீசில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

மாதம் 300 நிமிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. நேற்று பகல் 11 மணி, கடைசிச் செய்தி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், எடிட்டர் தலைக்கு மேல் நிற்கிறார். போன் அடிக்கிறது. அத்தை.

"காலைல சாப்ட்டியாடா?"